பதினொரு அடி

அளந்தவன் நான்தான்.
பிப்ரவரி, காலை ஏழரை மணி.
குளிரில் விறைத்த நாடா சுருள மறுத்தது,
வாயால் ஊதி ஊதி இளக்கினேன்.
சாலையோரக் கல்லிலிருந்து கொட்டகைச் சுவர்வரை
முப்பத்தொன்பது அடி.
ஐம்பது வேண்டும் என்கிறது
ஓட்டர் கிரீக் ஊராட்சியின் மனை விதி, பக்கம் பதினேழு.
இன்னொரு தடவை அளந்தேன்.
முப்பத்தொன்பதுதான்.

உள்ளே கைசா லாம்பினென்
ராத்திரிப் பாலை உறையவைத்துக்கொண்டிருந்தாள்.
ஆறு ஜெர்சி மாடுகள், ஒரு கல்லடுப்பு.
தட்டையாகத் தட்டிய பாலாடைக்கட்டியை
அனலுக்கு முன் சாய்த்துவைப்பாள்,
மேலெல்லாம் கருகல் புள்ளி விழும்.
கடித்தால் பல்லில் கீச்சென்று கத்தும்.
ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள்,
பிறகு நாடாவை.
காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

புகார்க் கடிதத்தில் பெயரில்லை.
திரிந்த பாலின் தண்ணீர் நாறுகிறதாம்,
குடியிருப்புப் பகுதியில் தொழிற்சாலையாம்.
அந்தத் தொழிற்சாலையில் வேலைக்கு ஒரே ஆள்:
அவளே.

நாற்பது பேர் கொள்ளும் கூடத்தில்
விசாரணைக்கு அறுபத்திரண்டு பேர்.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
நாற்காலிகளுக்கடியில் ஓடியது.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டுவேன் பேசினான்.
மெர்லின் டிரெவார்த்தன் அழுதுகொண்டே திட்டினாள்,
திட்டிக்கொண்டே அழுதாள்.
கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து,
"எனக்குப் பாலே ஒத்துக்காது" என்றார்.
"ஆனாலும் விடுங்கள் அவளை."

மூன்றுக்கு இரண்டு.
மூன்றாவது கை என்னுடையது.
தீர்மானத்தை எழுதியவனும் நானே.
ஐந்து வருடம் முன்பு, நாலடி குறைந்ததற்காக
ஆர்வோவின் லாரிக் கொட்டகைக்கு
இல்லை என்று சொன்ன கை இது.
பிடித்தவர்களுக்கு ஒரு நாடா
பிடிக்காதவர்களுக்கு ஒரு நாடா
வைத்துக்கொள்ள முடியுமா?
இதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.
என் மனைவி விளக்கை அணைத்தாள்.

பிறகு பெட்ரோல் கடையில்
என் கோப்பையில் காபி விழுந்தது, பேச்சு விழவில்லை.
முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்:
"அளக்கிற நாழிக்கு விலை எங்கே தெரியும்?"

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள்
விடியுமுன் கதவைத் தட்டினான் ஆர்வோ.
ஆமாம், அதே ஆர்வோ.
"உங்கள் சட்டம் தூரத்தைத்தானே கேட்கிறது?
கொட்டகை நகரக் கூடாது என்று
எங்காவது போட்டிருக்கிறதா?"
சமையல் மேசையில் புத்தகத்தை விரித்தோம்.
எண்பத்து நாலு பக்கம். நாலு கோப்பை காபி.
எங்கும் இல்லை.

சேறு இளகுவதற்குள் முடிக்க வேண்டும்.
சனிக்கிழமை, இரும்பாய் இறுகிய தரையில்
பெர்னார்ட் காடோ பக்கத்து மாவட்டத்திலிருந்து
எட்டு ஜாக்கி கொண்டுவந்தார்,
அவர் இனத்தாரின் படகுக் கூடத்தைத் தூக்கியவை.
கீழே தேவதாருப் பலகைகள்.
கைசா வாளி வாளியாய்
அந்த நாறும் தண்ணீரையே பலகைமேல் ஊற்றினாள்.
பத்து நிமிடத்தில் கண்ணாடியாய் உறைந்தது.
பாலே ஒத்துக்கொள்ளாதவர் முதல் கயிற்றைப் பிடித்தார்.

என்னை யாரும் கயிற்றுக்குக் கூப்பிடவில்லை.
நாடாவோடு ஒரு மூலையில் நின்றேன்.
எதிர்வீட்டுப் புகைபோக்கியில் புகை.
திரைச்சீலை ஒருதரம் அசைந்தது, அவ்வளவுதான்.

கொட்டகை முதலில் முனகியது.
அப்புறம் அந்தச் சத்தம்,
ஊர் முழுக்கத் தன் பற்களில் அறிந்த
அதே கீச்சு.
சிலர் சிரித்துக் கயிற்றை நழுவவிட்டார்கள்,
மெர்லின் மறுபடி திட்டினாள்.

"போதும்" என்றேன்.
"அளக்கிறவன் கண்ணுக்காக இன்னும் ஓர் அங்குலம்"
என்றான் ஆர்வோ. இழுத்தார்கள்.
ஐம்பது அடி, ஓர் அங்குலம்.
கையுறையைக் கழற்றி எழுதினேன், கையெழுத்திட்டேன்.

அடுத்த வாரம் ஒரு வட்டு கேட்டு நின்றேன்.
பதினான்கு டாலர் என்றாள் கைசா.
டுவேனுக்குப் பன்னிரண்டு என்று எனக்குத் தெரியும்.
எண்ணிக் கொடுத்தேன்.

நாழிக்கு விலை தெரிந்தது.
வண்டியிலேயே உட்கார்ந்து
பாதியைத் தின்றேன்.