மாதம் இரண்டு பவுண்டு

பதினோரு ஆண்டாக என் வங்கிக்கு
ஒரு பென்னிகூட நான் கொடுத்ததில்லை.
காசோலைப் புத்தகம் சும்மா வரும்,
அட்டை சும்மா வரும்,
கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள்காட்டியும்.
துறைமுக அலுவலக ஓய்வூதியம்
இருபத்தெட்டாம் தேதி தவறாமல்
உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.
ஒழுங்காக இருப்பவனுக்கு
உலகமும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று
கிரிம்ஸ்பியின் உப்புக் காற்றில்
காலர் விறைக்க நடந்தவன் நான்.

மாடி வீட்டுக் கெர்ரி ஓட்லிங்
மீன் தொழிற்சாலையில் இரவு முறை.
ஒரு சனிக்கிழமை காலை, வேலை உடுப்போடே
கதவைத் தட்டினாள்.
கையில் நான்கு உறை. நான்கிலும் ஒரே தேதி.
"நீங்கள் கணக்கெழுதிய ஆள், மிஸ்டர் டவுஸ்.
இதில் நான் எங்கே பிசகினேன்?"

நிபந்தனைகளைப் படித்திருக்க வேண்டும் என்று
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் பென்சில் கைக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவளிடம் இருந்தது
முப்பத்தொன்று நாற்பது.
எரிவாயுவுக்கு ஒன்பது, தொலைபேசிக்குப் பன்னிரண்டு,
மகனின் பள்ளிச் சுற்றுலாவுக்கு ஆறரை,
தொலைக்காட்சி வாடகை முப்பத்தைந்து ஐம்பத்திரண்டு.
சின்னவை மூன்றையும் முதலில் விட்டிருந்தால்
ஒன்றுதான் இடறியிருக்கும்.
வங்கி பெரியதை முதலில் கூப்பிட்டது.
நான்கு பவுண்டு பன்னிரண்டு பென்ஸ் ஆழத்தில்
ஒரு பள்ளம்.
மற்ற மூன்றும் வரிசையாக வந்து விழுந்தன.
விழுந்த ஒவ்வொன்றுக்கும் முப்பது.
பள்ளத்துக்கும் முப்பது.

கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன்.
அடுத்த சம்பளத்தில் அந்த நூற்றிருபது கழியும்,
கழிந்த இடத்தில் அடுத்த வாடகை விழும்,
அதற்கும் ஓர் உறை வரும்.
பட்ட காலிலே படும் என்பது
விதி என்றல்லவா நினைத்திருந்தேன்?
விதிமுறை.
பக்கம் பதினேழு, பொடி எழுத்தில்.

வழக்குப் போட்டோம்.
ஆறு வருடத்து உறைகளைத் தரையில் பரப்பி
அவள் தேதி வாசிக்க, நான் எழுதினேன்.
விசாரணைக்காகக் கழுத்துப்பட்டையைத் தேய்த்து வைத்தேன்.
முதல்நாள் மாலை காசோலை வந்தது,
முழுத் தொகைக்கும்.
நல்லெண்ணத்தின் பேரில், என்றது வங்கி.
தவறென்று ஒப்புக்கொள்ளாமல், என்றது.
முப்பது நாளுக்குள் வேறு வங்கி பார்த்துக்கொள்ளவும் என்றது.

கழுத்துப்பட்டை அப்படியே நாற்காலியில் தொங்கியது.
ஒரு நீதிபதி வாய் திறந்து
சரி என்றோ தப்பு என்றோ
சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது எனக்கு.
கெர்ரிக்கு அப்படியொன்றும் இல்லை.
மகனுக்குச் சப்பாத்து வாங்கினாள், எனக்கு ஒரு கேக்.

கேக்கை வெட்டியபடி கேட்டாள்:
"உங்கள் கணக்கு இலவசம்தானே?"
ஆமாம் என்றேன்.
"அந்தக் கிளையின் விளக்குக்கு, கம்பளத்துக்கு,
வாசலில் சிரிக்கிற பையனுக்கு
யார் கட்டுகிறார்கள்?"
எனக்குத் தெரியும்.
அவள் வந்த சனிக்கிழமையிலிருந்தே தெரியும்.
"எல்லாரிடமும் மாதம் இரண்டு பவுண்டு வாங்கினால்
இந்த உறையெல்லாம் வேண்டியிருக்காது.
நீங்கள் கொடுப்பீர்களா?"

"இரண்டு பவுண்டா, எதற்கு?"
என்று என்னை முந்திக்கொண்டு
என் வாய் கேட்டுவிட்டது.

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.
அதற்குப் பிறகு ஒரு துண்டு கேக்கும் வைத்தாள்.

டிசம்பரில் நாள்காட்டி வந்தது.
இந்த முறை கலங்கரை விளக்கம், வழவழத்த தாளில்.
யார் காசு என்று தெரிந்தும்
அதே ஆணியில் மாட்டினேன்.
குப்பை வண்டி வரும் நாட்களை
அதில்தான் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.