நான்காம் வாசல்

வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் நாடாக்காரி.
மற்ற நாட்களில் ஹோல்ட்பி அஞ்சல் கிடங்கில் பொட்டலம் பிரிப்பவள்.
நான்கு வண்டிகளை ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுப்
புல்லுக்குள் ஒதுங்கிக்கொள்வேன்.
நாடா மேலே துள்ளும்.
அப்புறம் என் மேலெல்லாம் சிவந்த தூள்.

முகங்கள் தெரியாது எனக்கு.
கைகளைத் தெரியும்.

லெவின் கார்சைடின் கை
முதல் வருடம் கிளட்சை
வழுக்கும் மீனைப் பிடிப்பதுபோல் பிடித்தது.
பதினாறு வயது. ஏழாம் எண் சட்டை,
முன்பு அதைப் போட்டிருந்தவனுக்கு
இவனைவிட இரண்டு அங்குலம் தோள் அதிகம்.

இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது.
கியர் ஒன்றே ஒன்று.
நான்கு சுற்று, ஒரு நிமிடம்,
இடது, இடது, மறுபடி இடது.
இடது காலில் இரும்புச் செருப்பு, தரையைத் தேய்த்தபடி.
வேகத்தைக் கொண்டே வேகத்தைத் திருப்ப வேண்டும்.
பையன் அதைத் தயவாகக் கேட்டுப் பார்த்தான்.
வண்டி வேலிக்குப் போனது.

அந்த வருடத்து அட்டையில்
பூஜ்யம், பூஜ்யம், விழுந்தான், ஒன்று, பூஜ்யம்.
அந்த ஒன்றும்
முன்னால் போனவனின் சங்கிலி அறுந்ததால்.

அவன் அம்மா ரோவீனா பந்தயத்தைப் பார்ப்பதில்லை.
பாகன் ஓடும்போது வேனில் சாய்ந்து முதுகைக் காட்டி நிற்பாள்.
"பாக்கணும்னு இல்ல,
மூடிட்டானா திறந்துட்டானான்னு காது சொல்லும்."
வளைவுக்கு முன்னால் கைப்பிடியைத் தளர்த்தினால்
அவளுக்குத் தெரிந்துவிடும்.
இரவு வேனில் அதைப் பற்றிப் பேசுவாளா, மாட்டாளா,
எனக்குத் தெரியாது.

இரண்டாம் வருடம் காரை எலும்பில் ஆறு திருகாணி.
ஜூனில் விழுந்தவன் ஆகஸ்டில் வந்து நின்றான்,
ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து.
அந்தத் தாழ்வு அவனுக்கு உதவியது என்று
டிராக்டர் ஓட்டும் டன்ஸ்டன் சொல்கிறார்.
டன்ஸ்டன் எதையும் சொல்வார்.
ஆனால் சராசரி மூன்றிலிருந்து ஐந்தரைக்கு ஏறியது உண்மை.

பிறகு போலந்து.
அங்கே பதினைந்தாயிரம் பேர் எழுந்து நிற்பார்களாம்.
இங்கே தூறல் விழுந்தால்
நானூறு பேரும் ஒரு சூப் கடையும்.

இந்த மே மாதம் திரும்பி வந்தான்,
எதிரணிச் சட்டையில், மஞ்சள் தலைக்கவசத்தில்.
கை கிளட்சின் மேல் வெறுமனே இருந்தது,
தூங்கும் பூனையின் மேல் வைத்ததுபோல.
நம்மவர் யாரும் கைதட்டவில்லை.
நானும்தான். எனக்கு அனுமதி இல்லை.

பதினைந்தாவது ஓட்டம். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு.
அவனுக்கு நான்காம் வாசல், வெளி ஓரம்.
பச்சை விளக்கு.
பூனை விழித்துக்கொண்டது.
நாடா அவன் மார்பில் பட்டு அறுந்தது.

இனி பதினைந்து மீட்டர் பின்னால் நின்று கிளம்ப வேண்டும்.
அந்தக் கோட்டைக் கீறியவள் நானே, மாலையில், சுண்ணாம்பால்.
வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.
கண்ணாடிக்குள் கண் முதல்முறையாக என்னைப் பார்த்தது.
பெயர் கேட்கிற மாதிரி ஒரு பார்வை.
விரலால் கோட்டைக் காட்டினேன்.

அறுந்ததை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஏறியது.
மூன்று பேர் கிளப்பிய புழுதிக்குள் நுழைந்தான்.
இரண்டாம் சுற்றில் ஒருவனைக் கடந்தான்.
கடைசி வளைவில், வேலிக்கும் அவனுக்கும்
ஒரு ரொட்டித் துண்டு போகும் இடைவெளியில்
தன் அணிக்காரனையே கடந்தான்.
முதலில் வந்தவன் நம் ஆள். இவன் இரண்டாவது.
நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து.

யாருக்கும் எப்படிக் கத்துவதென்று தெரியவில்லை.
மெத்தனால் வாசம் மட்டும் வீட்டுக்குப் போக மனமின்றி நின்றது.
வேன் பக்கம் பார்த்தேன்.
ரோவீனா இன்னும் முதுகைக் காட்டியபடி,
ஒரு கையில் ஸ்பானர், மறு கையால் காதைப் பொத்தி.

அடுத்த வெள்ளிக்கும் அதே நாடாதான்,
புதிதுக்குக் கிளப்பில் காசில்லை.
முடிச்சு நான்காம் வாசலுக்கு நேரே இருக்கிறது.
அங்கே வந்து நிற்பவன்
ஏன் என்று கேட்டால் சொல்வேன்.
கேட்கமாட்டார்கள். கிளட்சைப் பார்ப்பார்கள்.