கடுகு நிற டயல்

ஃபோர்ட் மக்மரியில் எண்ணெய் விலை விழுந்தால்
மறுவாரம் எங்கள் அடகுக்கடை வாசலில் வண்டிகள் வரிசைகட்டும்.
யாரும் எஞ்சினை அணைப்பதில்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான்,
கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி, வெல்வெட் தட்டு, சீட்டுப் புத்தகம்.
அந்தப் பக்கம் வெல்டர்கள், டிரக் ஓட்டிகள்,
போனஸ் வந்த மாதம் வாங்கியதைப்
போனஸ் வராத மாதம் கழற்றுகிறவர்கள்.
மணிக்கட்டின் வெளுத்த வளையம் மட்டும்
அவர்களோடு திரும்பிப் போகும்.

முதலாளி ஹானிக்கு ஒரே கேள்வி:
நாளைக்கு இதை யார் வாங்குவான்?
எனக்கு வேறு:
இருபது வருடம் கழித்து இதை யார் தேடி அலைவான்?

கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்,
கட்டம் போட்டுப் பார்த்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு.
கறுப்பு டயல் நீச்சல் கடிகாரமா, வேண்டாம்.
ஸ்டிக்கர்கூட உரிக்காமல் ஊரே பூட்டி வைத்திருக்கிறது,
ஊரே பத்திரப்படுத்தினால் எப்படி அரிதாகும்?
எண் பொறித்த சிறப்புப் பதிப்பா,
அந்த எண் ஐயாயிரம் வரை போகிறது, திருப்பிப் பார்.
விற்காமல் கிடந்ததைப் பார்.
கம்பெனியே வெட்கப்பட்டு நிறுத்தியதை,
வாங்கியவன் மனைவியிடம் ஏச்சு வாங்கியதை.
அழகு மெல்ல வரட்டும்,
முதலில் பற்றாக்குறை வரவேண்டும்.

அப்படித்தான் வெய்ன் பென்னியின் கடிகாரம்.
நியூஃபவுண்ட்லாந்துக்காரன், கிரேன் ஓட்டுபவன்.
தட்டில் வைத்ததும் ஹானி சிரித்துவிட்டார்.
கடுகை அரைத்துப் பூசியதுபோல் டயல்,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
கழுத்து சுளுக்கிக்கொண்ட தேதி.
மூன்று மாதக் கெடு. வெய்ன் வரவில்லை.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று
நானே எடுத்துக்கொண்டேன்.
வீட்டில் இவர் பார்த்துவிட்டு,
"காமாலை வந்த கடிகாரம்" என்றார்.
அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
யானைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.
ஆறு வருடம் காமாலைக்குப் பாதி விலைகூடப் பேசுவாரில்லை.
மாதம் ஒருமுறை சாவி கொடுப்பேன்,
காதில் வைத்துக் கேட்பேன்,
மூடிவிடுவேன்.

ஏழாம் வருட நவம்பரில்
வான்கூவரிலிருந்து ஒரு குரல்.
கடுகு டயல்தானே? கோணல் தேதிதானே?
கோணல் என்ற சொல்லை அவன் குழைந்து சொன்னான்,
குழந்தையின் தெற்றுப்பல்லைச் சொல்வதுபோல.
நான் கொடுத்ததற்கு நாலு மடங்கு தருவதாகச் சொன்னான்.
பெட்டி? இருக்கிறது.
உத்தரவாத அட்டை? இருக்கிறது.
அட்டையில் பெயர் எழுதியிருக்கிறதா?
எழுதியிருக்கிறது, நீல மையில், கடைசி எழுத்தில் மை கசிந்து.
மறுமுனையில் ஒரு பெருமூச்சு.
வெற்று அட்டையாக இருந்தால்
இன்னும் எழுநூறு தந்திருப்பானாம்.

வெய்ன் பென்னி என்றால் எழுநூறு டாலர் கழிவு.

நான் விற்கவில்லை.
பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள்.
நாலு மடங்கு தானாகத் தேடி வந்தால்
எட்டு மடங்கு எங்கேயோ கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.
"எட்டு வந்தால் கொடுத்துவிடுவாயா?" என்றார் ஹானி.
தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்ததையே துடைத்தேன்.

வெய்னின் எண் பழைய சீட்டின் அடிக்கட்டையில் இருக்கிறது.
அழைத்ததில்லை.

இன்று காலை எண்ணெய் மறுபடி விழுந்தது.
முதல் வண்டி வந்து நிற்கிறது, எஞ்சின் ஓடியபடி.
இருபத்திரண்டு வயது இருக்குமா இந்தப் பையனுக்கு,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
உள்பாக்கெட்டிலிருந்து எடுத்து வைக்கிறான்,
கறுப்பு டயல், உரிக்காத ஸ்டிக்கர்.
"இது பின்னாளில் ஏறும் என்றார்களே?"

பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொள்கிறேன்.
ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.
என் முகத்தில் பாதியாவது
அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.