தங்கிய சிவப்பு

தார்த்துவில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே விளக்கு.
நான்காம் மாடியில்
லீவிகா தட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறாள்:
தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றிலும்
ஹீயுமா தீவின் அதே மீனவர்.

அவர் இறந்து பதினேழு ஆண்டு.
ஈரலில் எடுத்த துணுக்கு மட்டும்
சாகத் தெரியாமல் பெருகுகிறது.
அதற்கு மருந்தைப் பழக்கியது இவர்கள்தான்.
முதல் மாதம் ஒரு துளி,
அடுத்த மாதம் ஒன்றரை,
கைக்குழந்தைக்குச் சோறு பழக்குவதுபோல.
இப்போது கொல்லும் அளவு கொடுத்தாலும்
கொட்டாவி விடுகிறது.

செல்லின் தோலில் இருக்கிறது சூட்சுமம்.
பந்தியில் உட்கார்ந்தவனை
இலை போடுமுன் எழுப்பி
வெளியே தள்ளும்
சின்னஞ்சிறு பம்பு.

புதிய சாறு
பெருங்காடு எதிலிருந்தும் வரவில்லை.
உர்மாஸின் சானா அறைக்குப் பின்னால்
மழையில் ஊறிய பிர்ச் விறகில்
சாம்பல் பச்சையாய் இருந்தது.
பூசணம் என்று துடைத்துவிடுகிறோம்,
பூத்தது என்றும் அதையே சொல்கிறோம்.
ரொட்டி டப்பாவில் போட்டுப்
பேருந்தில் கொண்டுவந்தான்.

பம்பைச் சோதிக்க ஒரு சிவப்புச் சாயம்.
இருபதே நிமிடத்தில்
அதைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும் செல்கள்.
எப்போதும்.
இருபது.
முப்பது.
லீவிகா கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள்.
சி வரிசை, ஏழாம் குழி
வெற்றிலை போட்டுத்
துப்ப மறந்த வாய்போல
சிவந்தே கிடந்தது.

மறுநாள்
மருந்தும் சாறும் சேர்த்துக் கொடுத்த குழிகளில்
செல்கள் பிடிப்பு விட்டு மிதந்தன.
பதினேழு ஆண்டு கழித்து
மீனவர் இன்னும் கொஞ்சம் இறந்தார்.
யாரும் கைதட்டவில்லை.
உர்மாஸ் காப்பியை ஆறவிட்டான், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் எலிகள்.
கட்டி சுருங்கியது உண்மை.
எலிகள் நடுங்கியதும் உண்மை.
மீசையிலிருந்து வால் நுனிவரை
கதகதப்பான அறையில்
குளிர்காய்ச்சல் கண்டதுபோல.
பம்பை அமுக்கிய கை
நரம்பையும் அமுக்கிவிட்டது.

குறிப்பேட்டில் இரண்டையும்
ஒரே மையில் எழுதினாள்.
சுருக்கம்: பாதி.
நடுக்கம்: எல்லா எலிக்கும்.
அந்த மூலக்கூறில்
ஏதோ ஒரு மூலையை வெட்டவேண்டும்.
எந்த மூலையென்று
பூசணத்தைக் கேட்க முடியாது.
அது விறகின்மேல்
பாக்டீரியாவோடு
தன் பழைய சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தது.
நம்மை யார் கூப்பிட்டார்கள்?

ஏழு மணிப் பேருந்து.
எமயோகி ஆற்றுப் பாலத்தில்
கம்பளிக் கையுறையைக் கழற்றுகிறாள்.
ஆள்காட்டி விரல் நுனியில்
ஒரு புள்ளிச் சாயம்.
எச்சில் தொட்டுத் தேய்க்கப் போய்,
வேண்டாமென்று நிறுத்தி,
ஜன்னல் ஈரத்தில் தேய்க்கிறாள்.

போகவில்லை.