கொசுறு

தராசில் எண் வரவில்லை.
கோத்தகிரியில் மூன்று நாளாக மழை,
ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து
மைதா டின்மேல் உட்கார்கிறது.
பேட்டரிக்கும் குளிர் பிடித்துவிட்டதோ என்று
துணியில் சுற்றி அடுப்போரம் வைத்துப் பார்த்தேன்.
ம்ஹூம்.

மாலை ஆறுக்கு விருந்தினர் விடுதிக்குப் போக வேண்டும்
ஐம்பது கிண்ணம் கேரமல் கஸ்டர்ட்.
நோட்டில் என் கையெழுத்து: பால், ஐந்து கிலோ.
கேட்டரிங் வகுப்பில் வாத்தியார் அடிக்கடி சொல்வார்,
கோப்பை பொய் சொல்லும், தராசு சொல்லாது.
அந்தத் தராசுதான் இன்று வாய் திறக்கவில்லை.

மேசையில் பெள்ளிராஜ் வைத்துவிட்டுப் போன கேன்.
ஐந்து லிட்டர், கோடு வரைக்கும்.
கிலோ என்ன லிட்டர் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று
கவிழ்க்கப்போன கை பாதியில் நின்றது.
தண்ணீருக்கென்றால் சரி.

சொசைட்டியில் பால் சோதிக்கும் சந்திரமதிக்குப் போன் போட்டேன்.
"லிட்டர் ஆயிரத்து முப்பது கிராம்க்கா,
மாட்டுக்கு மாடு கொஞ்சம் முன்னப்பின்ன."
பின்னால் யாரோ கேனை உருட்டும் சத்தம்.

சர்க்கரைப் பையைக் கிழித்து
ஐயாயிரத்தை ஆயிரத்து முப்பதால் வகுத்தேன்.
நாலு லிட்டர், எண்ணூற்றைம்பத்து நாலு மில்லி,
மீதியை விட்டுவிட்டேன், சந்தேகம் வந்து மறுபடி வகுத்தேன்.
ஆக, கேனிலிருந்து
ஒரு காப்பி டம்ளர் அளவு வெளியே எடுக்க வேண்டும்.

எடுத்தேன்.
எடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடமாக இதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பானையை வைத்து, பூஜ்யமாக்கி, கேனைக் கவிழ்த்தால்
ஐந்து கிலோ நூற்றைம்பது என்று காட்டும்.
நல்ல மனுஷர், கொசுறு போடுகிறார் என்று
தினம் ஒரு தேங்காய் பன்னைக்
காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன்.
அவரும் மழைக்கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வார்.
ஞாயிறு நீக்கினால்
தொள்ளாயிரத்துச் சொச்சம் பன்.

மூன்று மணிக்குக் காலிக் கேனுக்கு வந்தவரிடம் கேட்டேவிட்டேன்.
"ஹாலுல என்ன கொசுறு?" என்று சிரித்தார்.
"கோடு வரைக்கும்தான் ஊத்தறேன். அளவுன்னா அளவு.
நீங்க பன் தர்றீங்க,
உங்க கோயில் வழக்கமோ என்னவோன்னு வாங்கிக்கிறேன்.
சின்னவன் அதுக்குன்னே ஹட்டி முனையில நிப்பான்."
நான் ஒன்றும் திருத்தவில்லை.

சந்திரமதி போனை வைக்குமுன் சொன்னது
அப்போதுதான் உறைத்தது:
பத்துக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால்
அந்த முப்பதில் மூன்று போய்விடுமாம்.
அப்படியென்றால் என் தராசு இத்தனை நாளும்
அவர் சேர்க்காத தண்ணீரை எடை போட்டிருக்கிறது.

(ஏடெடுத்த பால் இன்னும் கனக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஆனால் இவர் பாலைக் காய்ச்சி ஆறவிட்டால்
ஏட்டைக் கம்பளிபோல் மடித்து வைக்கலாம்.)

கஸ்டர்ட் உறைந்துவிட்டது. ஒரு கிண்ணம் மட்டும் ஓரத்தில் வெடித்தது,
அது அடுப்பின் புத்தி, பாலைக் குறை சொல்ல முடியாது.
எடுத்துவைத்த டம்ளர் பாலில்
இஞ்சி தட்டி டீ போட்டேன்.
இரண்டு கிளாஸில் கண்ணளவாக ஊற்றினேன்.
அவர் கிளாஸில் கொஞ்சம் கூடிப்போயிற்று.
மழை விடுகிற மாதிரி இல்லை,
உட்கார்ந்தார்.