ஒரு நெடில், இரண்டு குறில்

அடுப்பு சூடாகிவிட்டது, மாவு பொங்கிவிட்டது,
கணினி மட்டும் எழவில்லை.
பொத்தானை அழுத்தினால்
உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி
யோசித்து நிற்கிறது.
பிறகு அந்தக் கூவல்:
ஒரு நெடில், இரண்டு குறில்.
மறுபடி.
மறுபடி.
திரை, ஆகஸ்ட் மாத மகெல்லன் நீரிணை போலக்
கறுப்பு.

காலை நான்கரை. புந்தா அரேனாஸில்
காற்று கதவைத் தட்டாது,
உதைக்கும்.

பெட்டிக்குள் பெரிதாக ஒன்றுமில்லை.
இந்தத் தெருவில் யார் யார்
எனக்கு எவ்வளவு ரொட்டிக் கடன் என்பது,
அவ்வளவுதான்.
நோட்டில் எழுதினால் எலி தின்கிறது என்று
பதினாறு வருடம் முன்பு வாங்கினேன்,
மீன் ஆலை மூடி ஏலம் விட்டபோது.
அப்போதே அது பழசு.
மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து
நான் வயிறு கிழித்த சால்மன்களை
பெட்டி பெட்டியாக எண்ணியது
இதுதான்.
எண்ணிக்கை எப்போதும் இரண்டு குறையும்.

பால்தோ மான்சியாவைக் கூப்பிட்டேன்.
கப்பலில் மின்வேலை செய்கிறவன். கப்பல் இருந்தால்.
பட்டியலில் முதல் பெயர் அவனுடையது,
பதினோரு மாதம்.
அது எனக்குத் தெரியும் என்பது
அவனுக்குத் தெரியும்.
வந்தான்.

பக்கத் தகட்டைக் கழற்றினான்.
மாவும் தூசியும் சேர்ந்து
உள்ளே ஒரு ரொட்டியே சுட்டிருக்கலாம்.
நினைவகத் துண்டை உருவி
என் மகளின் அழிப்பானால் அதன் பற்களைத் தேய்த்துப்
பொருத்தினான்.
ஒரு நெடில், இரண்டு குறில்.
திரை அட்டையைப் பிடுங்கி, ஊதி, அழுத்தினான்.
ஒரு நெடில்.
கெட்ட வார்த்தை ஒன்று, அதுவும் நெடில்தான்.
காசு மாதிரி இருந்த பேட்டரியை
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இது செத்து வருஷமாச்சு. ஆனால் காரணம் இது இல்லை."

பிறகு டார்ச்சைச் சாய்த்துக்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
மின்சுற்றுப் பலகையில் வரிசையாகச் சின்ன உருளைகள்,
நான்கின் தலை மட்டும்
ஏப்பம் வராத வயிறு போல உப்பி.
"குளிருது இதுக்கு," என்றான்.
"முடி உலர்த்துகிற மெஷின் இருக்கா?"

சிரிக்கக்கூடாது என்று
மராக்கெத்தா மாவைப் பிளக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது
ஒரு பெரிய மனுஷன் மண்டியிட்டு,
நடுக்கடலில் குளித்துவந்த பிள்ளைக்குப் போல
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்
கணினிக்கு அனல் காட்டிக்கொண்டிருந்தான்.
கடை முழுக்கச் சால்மன் வாடை.

எட்டு நிமிடம்.
பொத்தான்.
ஒரே ஒரு குறில்.

தேதி தெரியவில்லை என்றது திரை,
தொடர ஒரு விசையை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன்.
பட்டியல் விரிந்தது, மேலே அவன் பெயர்,
எதிரே மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பெசோ.
இருவரும் படித்தோம்.
நான் வேறெங்கோ பார்த்திருக்கலாம்.
"அப்பவே ஸ்க்ரூடிரைவரைக்
கைதவறிப் போட்டிருக்கணும்," என்றான்.

கூலி எவ்வளவு என்றேன்.
"கூலி வேண்டாம். ஒரு கிலோ கொடு," என்றான்,
உடனே, கொஞ்சம் கோபமாக:
"கணக்கில் எழுது."

எழுதினேன்.
பேட்டரி செத்த கணினி
அதற்கு ஒரு தேதி போட்டுக்கொண்டது:
2003 ஜனவரி 1.
அன்றைக்கு இந்தக் கடை இல்லை.
அவன் சிலோவே தீவில் பள்ளிக்கூடத்தில்,
நான் ஆலையில், முழங்கைவரை ரப்பர் உறையோடு.
எங்கள் இருவருக்கும் நடுவில்
அன்றே ஒரு கிலோ ரொட்டி பாக்கி.

திருத்த வேண்டும், நாளை பார்க்கலாம் என்று
கை பொத்தானுக்குப் போனது.

"அணைக்காதே," என்றான் பால்தோ,
சூடான பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கி,
தோளால் கதவைத் தள்ளிக்கொண்டே,
"குளிர்காலம் முடிகிறவரை
அணைக்கவே அணைக்காதே."