நூறு மடங்கு

மூன்றாவது தடவையாக அந்தக் கடைக்குப் போகிறேன்.
முதல் தடவை விலை கேட்டேன்.
இரண்டாம் தடவை,
கேட்ட விலை சரிதானா என்று கேட்டேன்.

நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
சொல்லும்போது இஹ்ஷான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்,
பாமசியில் ஆட்கள் நிற்கையில்
சில மருந்துகளின் பெயரை நான் சொல்வதுபோல.

சீட்டு விழுந்த இரண்டு லட்சம் கைப்பையில் இருக்கிறது.
மிச்சத்துக்கு இருபத்துநாலு மாதத் தவணை.
பிணைக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும்;
ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

பழைய போனைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது.
காதில் வைத்தால் கேட்காது, அவ்வளவுதான்.
ஸ்பீக்கரில் போட்டால் பஸ் முழுக்கக் கேட்கும்.
விடியக் காலை நூறு காட்டும்,
அட்டன் டவுனுக்கு வருவதற்குள் முப்பது,
பிறகு ஒன்றுக்கு இறங்கி
அந்த ஒன்றிலேயே அரை நாள் பிடிவாதமாக நிற்கும்.
திரையில் மூலைக்கு மூலை ஒரு வெடிப்பு.
கட்டாரில் இருக்கும் சித்தப்பா மகளை
இரண்டு வருசமாக இரண்டு துண்டாகத்தான் பார்க்கிறேன்.

"நூறு மடங்கு ஸூம் மிஸ், வந்து பாருங்க."
மூன்றாம் மாடி ஜன்னலைத் தள்ளித் திறந்தான்.
கீழே ரயில் பாதை, சவுக்கு மரங்கள், எதிர்மலை.
"எங்க பாக்கணும்?"
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்:
கல்லுமலை டிவிசன்.

இரண்டு விரலால் மலையை இழுத்தான்.
மலை வந்தது.
கோயில் வந்தது, கொழுந்து மடுவம் வந்தது,
பணிய லயம் வந்தது,
தொங்கல் காம்பரா வந்தது.
அது எங்கள் வீடு என்று நான் சொல்லவில்லை.

இருபத்தொன்பது வருசம் உள்ளேயிருந்து பார்த்த கூரை.
காற்றுக்கு வைத்த கற்கள். ஒரு டயர்.
ஒரு மஞ்சள் வாளி; அது எப்படி அங்கே போனது?
முகட்டுக்குக் கொஞ்சம் கீழே
ஒரு தகரம் நழுவி
நாலு விரல் இடைவெளி.

ஓ.

அண்ணன் இத்தனை மழைக்கும்
தார் பூசிக்கொண்டிருந்தது வேறு தகரத்துக்கு.

அப்போதுதான் மேல்மலையிலிருந்து
வெள்ளையாக ஒன்று இறங்கிவருவதைக் கண்டேன்.
டவுனில் நல்ல வெயில்.
அங்கே கொடியில் பிள்ளைகளின் யூனிபோம்,
நாளைக்குப் போட வேண்டிய என் கோட்டு.

பழைய போனை எடுத்தேன். ஒன்று.
அண்ணியின் போன் ஜன்னல் ஆணியில்
சிலிசிலிப் பைக்குள் தொங்கும்,
எங்கள் வீட்டுக்குச் சிக்னல் வருவது
அந்த ஒற்றை ஆணிக்குத்தான்.
"அண்ணி, மழை! உடுப்பு!"
"எங்கடி மழை?" கடை முழுக்க அண்ணி.
கவர் பார்த்துக்கொண்டிருந்த பொடியன்கள் திரும்பினார்கள்.
"வீட்டுக்குப் பின்னால!"

இஹ்ஷானின் கையில், சத்தமில்லாமல்,
பெருவிரல் நகமளவு அண்ணி ஓடிவந்தாள்.
யூனிபோம்களை உருவினாள், கோட்டை உருவினாள்,
ஒரு கிளிப் தெறித்து விழுந்ததுகூடத் தெரிந்தது.
பிறகு நின்றாள்.
ரோட்டைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள்,
என்னை அங்கெல்லாம் தேடினாள்.
வாய் அசைந்தது.
என்ன சொன்னாள் என்பதற்கு
நூறு மடங்கு போதவில்லை.

மழை வந்து திரையை மூடியது.

"எடுக்கிறீங்களா மிஸ்?"

உண்மையைச் சொன்னால், எனக்கு அது வேண்டும்.
கூரைக்காக இல்லை, உடுப்புக்காக இல்லை.
கையில் அது இருந்த விதத்துக்காக,
குளிர்ந்த ஓரத்துக்காக.
"அந்தக் கூரைப் படத்த மட்டும் எனக்கு அனுப்பு" என்றேன்.
யாருடைய கூரை என்று அவன் கேட்கவில்லை.
பத்து நிமிசம் சார்ஜ் போட்டுக் கொடுத்தான்.

பஸ்ஸில் மடியில் இரண்டு லட்சம்.
படத்தைத் திறந்தேன்.
கற்கள், டயர், மஞ்சள் வாளி.
நழுவிய தகரத்தின் மேலேயே
என் திரையின் வெடிப்பு ஓடுகிறது.
போனைத் திருப்புகிறேன், படத்தைப் பெருப்பிக்கிறேன்,
எது கூரை உடைந்தது,
எது கண்ணாடி உடைந்தது,
வளைவுக்கு வளைவு மாறுகிறது.

ஒரு தகரம் இப்போது என்ன விலை என்று
அண்ணனைக் கேட்க வேண்டும்.
சனிக்கிழமை வரைக்கும்
இதே விலைதான் என்றான் இஹ்ஷான்.